ஹேமக்ல முதுகு ஜில்லுன்னு ஆகுதா? அண்டர்கில்ட் பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

ஹேமக்குக்கு (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தூங்குற துணித் தூளி) அடியில தொங்க விடுற பஞ்சுப் போர்வைதான் அண்டர்கில்ட், அதைப் பத்தி ரெண்டு வாரமா ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் ஒண்ணா உக்காந்து பதில் எழுதிடறேன். நான் இருக்கிறது விர்ஜினியால, ஷெனாண்டோவா மலைப்பக்கம். எட்டு வருஷமா டென்ட்டை விட்டுட்டு ஹேமக்தான், அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் குளிர்லயும் இதுலதான் தூங்குறேன், அதனால கீழ சொல்றது எல்லாம் முதுகு பட்டுக் கத்துக்கிட்டது.

கேள்வி: அக்கா, என் ஸ்லீப்பிங் பேக் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு, ஆனா ஹேமக்ல 50 டிகிரிக்கே முதுகு உறைஞ்சு போச்சு. பேக் டூப்ளிகேட்டா?

பதில்: பேக் நல்ல பேக்காதான் இருக்கும் தம்பி. போர்வையோ பேக்கோ சூடு குடுக்கிறது இல்ல, உள்ள உப்பி நிக்கிற பஞ்சு காத்தை அசையாம பிடிச்சு வெச்சுக்குது, நம்ம உடம்புச் சூடு அதுல தங்குது, அவ்ளோதான். நீங்க மேல படுத்ததும் அடியில இருக்கிற பஞ்சு நசுங்கி அப்பளமா ஆயிடும். தரையில படுத்தா பரவாயில்ல, கீழ ஒரு பேட், அதாவது சின்ன மெத்தை, இருக்கும். ஹேமக்ல முதுகுக்குக் கீழ மெல்லிசா ஒரு துணி, அதுக்குக் கீழ ஓடுற காத்து, ராத்திரி பூரா அது உங்க சூட்டை வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டே இருக்கும். 70 டிகிரிக்குக் கீழ போனாலே நிறைய பேருக்கு விடியக்காலைல முதுகு சில்லிடும். ஊர்ல தூளி கட்டுனா மார்கழி மாசம் குழந்தைக்கு அடியில பழைய போர்வையை மடிச்சுப் போடுவாங்கல்ல, நம்ம பாட்டிங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். அண்டர்கில்ட் அதுலேர்ந்து ஒரு படி மேல, ஹேமக்குக்கு வெளிய கீழ தொங்குது, உங்க வெயிட் அது மேல விழாது, பஞ்சு நசுங்காம அப்படியே உப்பி இருக்கும்.

கேள்வி: நல்ல விலை குடுத்து 20 டிகிரி அண்டர்கில்ட் வாங்கியாச்சு, அப்பவும் இடுப்புக்கிட்ட குளிருது. இன்னும் தடிமனா 0 டிகிரி வாங்கணுமா?

பதில்: வாங்காதீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. எனக்கு வர்ற பத்து கேள்வில ஏழு இதுதான், அதுல முக்காவாசி கில்ட்டோட தப்பே இல்ல, மாட்டின விதம்தான். கில்ட்டுக்கும் ஹேமக்குக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அதுல குளிர் காத்து பூந்துக்கும், அப்புறம் கில்ட் எவ்ளோ தடிமனா இருந்து என்ன பிரயோஜனம், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஹீட்டர் போட்ட மாதிரிதான்.

முதல்ல ஹேமக்கையே சரியா கட்டுங்க. மரத்துல சுத்திக் கட்டுற ஸ்ட்ராப் தரைக்கு 30 டிகிரி கோணத்துல இறங்கணும், ஹேமக்கோட ரெண்டு முனையையும் மேல நேரா இணைக்கிற ரிட்ஜ்லைன் கயிறு ஹேமக் நீளத்துல 83 சதவீதம் இருக்கணும். 11 அடி ஹேமக்னா 132 இஞ்ச், அதுக்கு ரிட்ஜ்லைன் கிட்டத்தட்ட 109, 110 இஞ்ச் வரும். இந்த ரிட்ஜ்லைன் இருந்தா எந்த மரத்துல கட்டினாலும் தொய்வு ஒரே மாதிரி இருக்கும், அது ஒரே மாதிரி இருந்தாதான் கில்ட்டும் தினமும் ஒரே மாதிரி உக்காரும். அப்புறம் நேரா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு படுக்காம குறுக்கா சாய்ஞ்சு படுங்க, தலை ஒரு பக்கம் கால் எதிர்ப்பக்கம், அப்பதான் முதுகு தட்டையா இருக்கும்.

இப்ப கில்ட். படுத்துக்கிட்டு, கூட வந்தவங்ககிட்ட ஹேமக்குக்கும் கில்ட்டுக்கும் நடுவுல கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்க, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால்னு மூணு இடத்துலயும். கை லூசா போய் வந்தா எலாஸ்டிக் கயிறை இறுக்கணும். ரொம்ப இறுக்கினாலும் கில்ட் முதுகுல அழுந்தி பஞ்சு நசுங்கிடும், பழைய கதைதான். லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும், அழுத்தக் கூடாது. ரெண்டு முனையிலயும் சுருக்குக் கயிறு இருக்கும், அதை இழுத்து தலைமாட்டையும் கால்மாட்டையும் மூடிடுங்க, நிறைய பேர் இதை மறந்துடறாங்க, காத்து அந்த வழியாத்தான் உள்ள வருது. எலாஸ்டிக் நாள்பட நாள்பட தளர்ந்துடும், போன வருஷம் சரியா இருந்தது இந்த வருஷம் தொங்கும், அதையும் பாருங்க.

இதெல்லாம் வீட்டுப் பின்னாடி தோட்டத்துல ஒரு சாயங்காலம் செஞ்சு பாத்துடுங்க. நான் முதல் தடவை நேரா மலைக்குப் போய்த்தான் பிரிச்சேன், ராத்திரி மூணு மணிக்கு பல்லு கிடுகிடுன்னு அடிக்க காருக்கு நடந்து போனேன், அந்த நடை வேற யாருக்கும் வேணாம்.

கேள்வி: தரையில போடுற ஃபோம் பேட் கையில இருக்கு, அதையே உள்ள போட்டுக்கலாமா?

பதில்: தாராளமா. மடக்குற ஃபோம் பேட் ஆர் வேல்யூ (குளிரைத் தடுக்கிற அளவு) 2 சுத்தி இருக்கும், இலையுதிர் கால ஆரம்பத்துக்கு ஓகே. தொல்லை என்னன்னா தூக்கத்துல வழுக்கிட்டே போகும், தோள்பட்டை ரெண்டும் வெளிய நிக்கும், வேர்வை அடியில தேங்கி ஈரமாகும். ரெட்டைத் துணி ஹேமக்னா நடுவுல சொருகிடலாம், அவ்வளவா நகராது. நல்ல குளிர்ல அண்டர்கில்ட் கூடவே ஒரு பேட்டும் எடுத்துட்டுப் போறவங்க உண்டு, நானும் ஜனவரில அப்படித்தான்.

கேள்வி: கில்ட்டுக்குள்ள பஞ்சு டவுனா (வாத்து இறகுப் பஞ்சு), சிந்தெட்டிக்கா?

பதில்: 850 ஃபில்னா ஒரு அவுன்ஸ் டவுன் 850 கன இஞ்ச் இடத்தை அடைச்சு உப்பும்னு அர்த்தம், வெயிட்டும் கம்மி, சின்னதா மடங்கும். ஆனா நனைஞ்சா உப்பல் போயிடும், விலையும் ஜாஸ்தி. சிந்தெட்டிக் கனம், பெருசு, ஈரத்துல தாங்கும். முதல் தடவை வாங்குறவங்க சிந்தெட்டிக்ல ஆரம்பிச்சா தப்பில்ல. மலையேறி நாலஞ்சு நாள் நடக்கப் போறீங்கன்னா டவுன்தான்.

கேள்வி: என்னம்மா, முக்கா நீள அண்டர்கில்ட்டே போதும்கிறாங்களே, எனக்கு 58 வயசு, கால்தான் முதல்ல சில்லிடும்.

பதில்: அப்ப உங்களுக்கு முழு நீளம்தான் சார். முக்கா கில்ட் தோள்லேர்ந்து முழங்கால் பக்கம் வரைக்கும்தான், காலுக்கு அடியில சின்ன ஃபோம் துண்டு போட்டு சமாளிக்கணும், கால் குளிர்ற ஆளுக்கு சரிப்படாது. கொஞ்சம் வெயிட் கூடுது, கூடட்டும்.

கேள்வி: அதே கில்ட்ல நான் நிம்மதியா தூங்குறேன், என் வைஃப் நடுங்குறாங்க. ஏன்?

பதில்: ரேட்டிங்ல போட்டிருக்கிற நம்பரை சுகமா தூங்குற நம்பர்னு எடுத்துக்காதீங்க, பல கம்பெனில அது தாக்குப்பிடிக்கிற எல்லைதான். பொதுவா பொண்ணுங்களுக்கு சீக்கிரம் குளிரும், எனக்கும்தான். எதிர்பாக்குற குளிரை விட 10, 15 டிகிரி கீழ ரேட்டிங் இருக்கிற கில்ட்டா அவங்களுக்கு எடுத்துக் குடுங்க. ஃபோர்காஸ்ட் பாக்கும்போதும் கவனம். இங்க மலைக்குக் கீழ இருக்கிற லூரே ஊர் 800 அடி சொச்சம் உயரம், மலை மேல பிக் மெடோஸ்ங்கிற கேம்ப் இடம் கிட்டத்தட்ட 3,500 அடி. சாதாரணமா ஆயிரம் அடிக்கு மூணரை டிகிரி குறையும், அப்ப ஊர்ல 40னா மேல 30 பக்கம் வந்து நிக்கும். ஊர் நம்பரை நம்பிப் போய் மாட்டினவங்க நிறைய பேர்.

கேள்வி: காத்து அடிச்சா என்ன பண்றது?

பதில்: ஹேமக்குக்கு மேல கட்டுற டார்ப்பை (மழை மறைப்புத் துணி) தாழ்வா கட்டுங்க, காத்து வர்ற பக்கம் ஓரம் தரைக்குக் கிட்ட வரட்டும். கில்ட்டுக்கு வெளிய மெல்லிசா ஒரு துணி உறை மாட்டலாம், புரொடெக்டர்னு விப்பாங்க, காத்தையும் சாரலையும் தடுக்கும். ஓடைக்கரை அழகா இருக்கும், ஆனா ராத்திரி குளிர்ந்த காத்து கனமாகி பள்ளத்துல வந்து தேங்கும், அதனால கொஞ்சம் மேல ஏறிக் கட்டுங்க.

கேள்வி: கோயம்புத்தூர்லேர்ந்து கேக்குறேன் அக்கா. ஜனவரில ஊட்டி பக்கம் போறோம், இங்க அண்டர்கில்ட் கடையில கிடைக்கல.

பதில்: ஜனவரி ஊட்டில உறைபனி விழும், சாதாரணமா நினைக்காதீங்க. சிந்தெட்டிக் பஞ்சு வெச்ச லேசான ரஜாய் ஒண்ணு எடுங்க, டெய்லர்கிட்ட குடுத்து ரெண்டு நீளப் பக்கத்துலயும் நாடா ஓடுற மாதிரி மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, அதுல எலாஸ்டிக் கயிறைக் கோத்து ஹேமக் ரெண்டு முனையிலயும் மாட்டுங்க, அதுவே அண்டர்கில்ட். அமெரிக்க ஆர்மிக்காரங்களோட பான்சோ லைனர், வியட்நாம் போர் காலத்துப் போர்வை, அதை இங்க நிறைய பேர் இப்படித்தான் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. கம்பளி வேணாம், கனத்துல தொங்கி இடைவெளி விழும். ஃபாரஸ்ட் இடத்துல பர்மிஷன் இல்லாம கட்டாதீங்க, எஸ்டேட்ல கேம்ப் விடுறவங்ககிட்ட கேட்டுக்குங்க. மரத்துல நைலான் கயிறு கட்டுனா பட்டை அறுபடும், அகலமான ஸ்ட்ராப் போடுங்க.

கேள்வி: எல்லாம் செஞ்சும் நடுராத்திரி குளிருதுன்னா?

பதில்: முதல்ல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க, அடக்கிக்கிட்டே படுத்தா தூக்கமும் வராது குளிரும் விடாது. நாலு வாய் கடலை மிட்டாயோ பாதாமோ சாப்பிடுங்க. தண்ணி சுட வெச்சு கெட்டியான பாட்டில்ல ஊத்தி மூடியை நல்லா திருகி, சாக்ஸ்குள்ள போட்டு தொடை நடுவுல வெச்சுக்கோங்க, ஆனா அடுப்பை ஹேமக் பக்கத்துல பத்த வெக்காதீங்க, நைலான் நொடில உருகிடும். ஜில்லுன்னு இருக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சா ஜாக்கெட்டை மடிச்சு ஹேமக்குக்கும் கில்ட்டுக்கும் நடுவுல அந்த எடத்துல சொருகுங்க. போர்வைக்குள்ள மூஞ்சியை விட்டு மூச்சு விடாதீங்க, ஈரம் கோத்துக்கும். இவ்ளோ செஞ்சும் நடுக்கம் நிக்கலைன்னா, இல்ல பேச்சு குழறுதுன்னா, அதுக்கு மேல அங்க படுத்திருக்காதீங்க, கூட இருக்கிறவங்களை எழுப்பி கூட்டிட்டு காருக்குப் போயிடுங்க.