தள்ளுபடியில் ஆயுள் சந்தா கொடுத்தால் சங்கத்துக்கு லாபமா?

அமெரிக்கத் துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏ ஆயுள் உறுப்பினர் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்கிறதே, நஷ்டமில்லையா என்று கேட்கிறீர்கள். வெறும் பணக் கணக்கில் நஷ்டம்தான். ஒரு பேச்சுக்கு ஆண்டுச் சந்தா 45 டாலர், தள்ளுபடி போக ஆயுள் சந்தா 600 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்த 600-ஐ 5 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 30 டாலர்தான் தேறும், அதற்குள்தான் பத்திரிகையும் தபால் செலவும், மனிதர் இன்னும் 40 வருஷம் இருந்தாலும்! வந்ததை அந்த வருஷமே செலவழித்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆனால் செனட்டர் வாசலில் போய் நிற்கும்போது தலை எண்ணிக்கைதான் பேசும். ஆயுள் உறுப்பினர் புதுப்பிக்க மறந்து விலகுவதில்லை. அப்புறம், மொத்தமாகக் கட்டியவரிடம் நன்கொடை கேட்காமல் விடுவார்களா? ஆயுள் உறுப்பினருக்கு மேலேயும், இன்னும் பணம் கட்டினால் ஏறக்கூடிய எண்டோமென்ட், பேட்ரன், பெனிஃபாக்டர் என்று உறுப்பினர் படிகள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அங்கே ஆண்டு உறுப்பினர் தொடர்ந்து 5 வருஷம் இருந்தால்தான் சங்கத்தின் இயக்குநர் குழுத் தேர்தலில் ஓட்டு, ஆயுள் உறுப்பினருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆக மலிவாக விற்பது ஓட்டுரிமையையும் சேர்த்துத்தான். எப்போதாவது தள்ளுபடி என்றால் சரி, எப்போதுமே என்றால் முழு விலை கொடுத்த பழைய ஆள்தான் முதலில் கடுப்பாவார்.