ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டெனன்ட் கிரீக் எவ்வளவு தூரம், காரில் எத்தனை மணி நேரம் ஆகும்?

சாலை வழியாக 500 கி.மீ.க்குச் சற்று மேல். நேர்கோட்டில் அளந்தால் 450 கி.மீ. வாக்கில்தான் வரும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் போதும், வழி தவறவே வாய்ப்பில்லை. முழுக்கத் தார்ச்சாலை.

வேக வரம்பு பெரும்பகுதி 130 கி.மீ. என்பதால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். நடக்காது. நிற்காமல் ஓட்டினாலே ஐந்து, ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் ரோடு ட்ரெயின். மூன்று நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 50 மீட்டருக்கும் மேல் நீளும் லாரி அது. முந்த வேண்டுமென்றால் எதிரே சாலை வெகுதூரம் காலியாக இருக்க வேண்டும். காற்று அடித்தால் அதன் கடைசி டிரெய்லர் லேசாக ஆடும்; பக்கத்தில் போகும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலுக்கு டி ட்ரீ, வாச்சோப் என்று ஆங்காங்கே நிறுத்தங்கள் உண்டு. ஆனாலும் கிளம்பும்போதே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது, தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். டெனன்ட் கிரீக்குக்குச் சுமார் 100 கி.மீ. முன்னால் கார்லு கார்லு உருண்டைப் பாறைகள் சாலையோரமே வரும். அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்காமல் போனால் அநியாயம்.

அப்புறம், இருட்டில் ஓட்டாதீர்கள். கங்காருவும் வேலியில்லாத மேய்ச்சல் நிலத்து மாடுகளும் சாலைக்கு வரும் நேரம் அது. ஜூன், ஜூலையில் மாலை 6 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் நிதானமாக மூன்று மணிக்குள் சேரலாம்.