பத்து மணிச் சாப்பாடு

கேள்வி: எனக்கு 28 வயது. குரோம்பேட்டை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அக்கா கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். முன்பு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஏழரைக்கெல்லாம் வீடு, எட்டு மணிக்கு அம்மாவோடு சாப்பாடு, பிறகு தூக்கம் என்று சலிப்பாகப் போனது. 14 மாதத்துக்கு முன் பாரிமுனை லிங்கி செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சேர்ந்தேன். பர்மா பஜார் அத்தோ, சீனா பாய் கடை நெய் இட்லி, சௌகார்பேட்டை ஜிலேபி, மண்ணடி பரோட்டா என்று வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒரு கடை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு பார். போன இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், இதுவரை 61. மாதம் ஏழாயிரம் ரூபாய் ஆகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் குறை வைக்கவில்லை, கடனும் இல்லை. ஆனாலும் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரியம்மாவோ, "கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்" என்கிறார். நான் அம்மாவைக் கவனிக்காதவன் இல்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு; மாத்திரை போட்டாச்சா என்று தினமும் எட்டு மணிக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்கிறேன். வெளியே சாப்பிட்டால், எட்டே முக்காலுக்கு ரயில் ஏறியதும் அதையும் சொல்லிவிடுகிறேன். (அம்மா எப்படியும் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார்.) என் சம்பளத்தில் நாலு இடம் பார்த்துச் சாப்பிடுவது தப்பா? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

— குரோம்பேட்டை வாசகர்

பதில்:

தம்பி, ஏழாயிரம் ரூபாய்க் கணக்குக்குள் நான் போகவில்லை. சம்பாதிக்கிற பிள்ளை, கடன் இல்லை, வீட்டுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. பெரியம்மாவின் கால்கட்டு யோசனையையும் தள்ளிவையுங்கள். அம்மா காத்திருக்கும் வீட்டில் கூடவே காத்திருக்க இன்னொருத்தர் பெற்ற பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைப்பது அநியாயம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "அம்மா எப்படியும் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார்."

எப்போதிலிருந்து? கிண்டியில் வேலை பார்த்தபோது எட்டு மணிக்கு அம்மாவோடு சாப்பிட்டதாக நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்களே. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய ஒரு பெண்மணிக்கு, நீங்கள் பாரிமுனைக்கு மாறியதும் பசிக்கிற நேரமும் மாறிவிட்டதா? நீங்கள் வீடு வந்து சேர்வது ஒன்பதே முக்கால். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, "எனக்கு வேண்டாம்மா" என்று இன்னொரு முறை வாயால் சொல்லிவிட்டு ரூமுக்குப் போக ஒரு கால் மணி நேரம். அப்புறம்தான் அவர் தட்டை எடுக்கிறார். அந்தப் பத்து மணியை அம்மாவின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது நீங்கள் வைத்த நேரம்.

எட்டே முக்காலுக்கு மெசேஜ் போட்டுவிடுகிறேனே என்பீர்கள். எட்டே முக்காலுக்கு உங்கள் வீட்டு அடுப்படியில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. இரண்டு பேருக்குச் சாதம் வடித்தாகிவிட்டது, இல்லையென்றால் இரண்டு பேருக்கு மாவு எடுத்து வெளியே வைத்தாகிவிட்டது. பொரியலுக்குக் காய் நறுக்கும்போது, இது பையனுக்குப் பிடிக்குமா என்ற யோசனையும் முடிந்துவிட்டது. அதற்கெல்லாம் பிறகுதான் உங்கள் செய்தி வருகிறது. வாரத்தில் நாலு நாள், 14 மாதம். அடுத்த நாள் காலையில் அந்த மிச்சத்தைச் சாப்பிடுவது யார் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

இது வரைக்கும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம். இனி சொல்லப்போவது உடம்பு சம்பந்தப்பட்டது. இதில் உங்களைத் திட்டாமல் விடமாட்டேன்.

எட்டு மணிக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன் போட வேண்டியவை. போட்டுவிட்டால் உடனே வயிற்றுக்குள் சாப்பாடு போக வேண்டும். மாத்திரை தன் வேலையைப் பார்க்கும், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இறக்கும். சாப்பாடு உள்ளே போகவில்லையென்றால் அளவுக்கு மேல் இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பாக வரும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் மயக்கம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. நீங்கள் எட்டு மணிக்கு மாத்திரையைப் போடச் சொல்லிவிட்டு, அவரைப் பத்து மணி வரை பட்டினி போடுகிறீர்கள். அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் 61 கடைகளின் கணக்கு இருக்கிறது, அம்மாவின் மாத்திரையின் பெயர் இல்லை.

நான் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று சொல்கிறேன். 1984-இல் தொடங்கி ஒன்பது வருடம் நானும் அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தேன், தம்புச் செட்டித் தெருவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக. அப்போது கொத்தவால் சாவடி அங்கேயே இருந்தது; கோயம்பேட்டுக்குப் போனது 1996-இல். சாயங்காலம் ஆபீஸ் விட்டால் ரத்தன் பஜார், ஈவ்னிங் பஜார், கோடவுன் தெரு என்று சுற்றாத நாள் குறைவு. 1989-இல் ஒரு நாள் கோடவுன் தெருவில் ஜாக்கெட் துணி மலிவாகப் போட்டிருக்கிறான் என்று தோழிகள் கூப்பிட, நானும் போனேன். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. அம்மா அடுப்படித் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை தோள்பட்டை வரை வியர்வையில் நனைந்திருந்தது. மடியில் சர்க்கரை டப்பா. அதன் மூடியைத் திறக்கத்தான் பார்த்திருக்கிறாள், விரல் நடுக்கத்தில் முடியவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்த கீறல் அந்த எவர்சில்வர் மூடியின் ஓரத்தில் இருந்தது. மாத்திரை போட்டுவிட்டு, "அவ வந்துடட்டும், சேர்ந்து சாப்பிடலாம்" என்று இருந்திருக்கிறாள். சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினேன், பிழைத்தாள். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. உங்கள் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது, தம்பி.

இதைப் படித்துவிட்டு, இனிமேல் எங்கும் போகமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டில் போய் உட்கார வேண்டாம். நீங்கள் சுற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது. பாரிமுனையில் வேலை பார்த்துக்கொண்டு அதைச் சுற்றிப் பார்க்காதவன் பாவம். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, பந்தர் தெருவில் நோட்டுப் புத்தகம், தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, பத்ரியன் தெருவில் பூ என்று தெருவுக்கு ஒரு சரக்கு. இந்த ஊரில் வேறு எங்கே அப்படி இருக்கிறது?

அத்தோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி அந்த நடைபாதைக்கு வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறீர்களா? பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்த நம் ஜனங்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி, மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்குக் கடை போட்ட இடம்தான் பர்மா பஜார். ஒரு தட்டு அத்தோவைக் கலக்கும்போது கிட்ட நின்று பாருங்கள். நூடுல்ஸ், சீவிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைகிறார்கள், வீட்டில் தயிர் சாதம் பிசைகிற மாதிரி. பக்கத்தில் அலுமினியப் பாத்திரத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ரங்கூன் வீடுகளில் அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுத்த சாப்பாடு அது. ஊர் விட்டு ஊர் வந்த பிறகு வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவுக்கு வந்தது. அதை ரசித்துச் சாப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு, தன் வீட்டு அடுப்படியில் மூடி வைத்திருக்கும் பாத்திரம் கண்ணில் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பாரிமுனையில் வேலை பார்ப்பவர்கள் சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது வெறும் கையோடு ஏறியதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு மஞ்சள் பையில் காய், இல்லாவிட்டால் ஒரு முழம் பூ, இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு குயர் பேப்பர். மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வேலை, அதன் பலன் வீட்டுக்கும் போக வேண்டும் என்ற நினைப்பு. நீங்கள் 14 மாதத்தில் 61 கடைக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போனதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி கிடையாது. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறீர்கள். எதைப் பற்றிப் பேசுவார்? நீங்கள் சுற்றுகிற உலகத்தில் ஒரு துணுக்கைக்கூட நீங்கள் அவர் கையில் கொடுக்கவில்லையே.

பார் விஷயம். எனக்கு அது உடன்பாடில்லை, அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. அதிலும் வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாளில், வாய் நாற்றத்தோடு கதவைத் தட்டுகிற பிள்ளை தப்பு செய்கிறான் என்றுதான் சொல்வேன். 28 வயதுக்காரரை நான் தடுக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமையை விடுங்கள், வாராவாரம் போவதையும் விடுங்கள். நண்பர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வெளியே சாப்பிடப்போகிறீர்களா, இல்லையா என்பதைச் சாயங்காலம் நாலு மணிக்குள், அம்மா அரிசி களைவதற்கு முன்னால், போன் போட்டுச் சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கட்டும். நாலு மணிக்குச் சொல்லாத நாளில், எந்தக் கடை கூப்பிட்டாலும், நேராக வீடு. வாரத்தில் நாலு நாள் என்பதை இரண்டாக்குங்கள். மற்ற நாட்களில் ஏழரைக்குள் வந்து எட்டு மணிக்கு அவரோடு தட்டு வையுங்கள். வெளியே சாப்பிடும் அந்த இரண்டு நாளிலும் எட்டு மணிக்குப் போன் போட்டு, "மாத்திரை போட்டாச்சா" என்பதோடு நிறுத்தாமல், "சாப்பிட உட்கார்ந்தாச்சா" என்றும் கேளுங்கள். தட்டுச் சத்தம் கேட்கிற வரைக்கும் போனை வைக்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். ரயில் நெரிசல் அவருக்குக் கஷ்டம் என்றால் திரிசூலத்தில் இறங்கி, எதிரே விமான நிலையத்தில் மெட்ரோ ஏறுங்கள். உயர் நீதிமன்றம் வரை வண்டி மாற வேண்டாம், லிப்ட் இருக்கிறது. உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் காளிகாம்பாள் கோவில் இருக்கிறது, 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்வார்களே, அதுதான். அம்மா இன்னும் அங்கே வந்ததில்லை என்றால் அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். கோவிலுக்குப் பிறகு சீனா பாய் கடையில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுங்கள், நெய்யைக் குறைவாக ஊற்றச் சொல்லி. அத்தோ கடையில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். ஜிலேபிப் பக்கம் போகாதீர்கள், அவர் எதிரில் நீங்களும் சாப்பிடாதீர்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அம்மாவோடு டாக்டரிடம் போங்கள். அக்கா வந்து பார்த்துக்கொள்வாள் என்று விடாதீர்கள், கூட இருக்கும் பிள்ளை நீங்கள். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று டாக்டர் கேட்பார். "எட்டு, எட்டரைக்குள்ளே சாப்பிட்டுடுவேன் டாக்டர்" என்று அம்மா சொல்வார். உங்களை விட்டுக்கொடுக்க மனசு வராமல்தான் அப்படிச் சொல்வார். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு உண்மையான நேரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.