ஜூலையில் கல்கிசைக் கடலும் பிள்ளைகளும்

பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். ஜூலையில் கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையில் 5, 8 வயதுப் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்காலளவு தண்ணியிலும் வேண்டாம்.

மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையில் அலை உயரும், அடியில் இழுவையும் இருக்கும். வானம் வெளிச்சிருந்தாலும் நம்பாதீர்கள். சிவப்புக் கொடி நிற்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பு வீரர் நின்றால் அவரிடமே கேளுங்கள்.

அதே காற்றுத்தான் கொழும்புக் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் பட்டம் ஏத்த அருமை. பின்னேரம் வெயில் தணியப் போங்கள், பட்டம் அங்கேயே விற்பார்கள். இறால் வடை உறைக்கும், சின்னதுக்குக் கவனம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் கடல் பக்க யன்னலோரம் இருந்து போனாலே பிள்ளைகளுக்குப் பாதிச் சந்தோஷம். அலுவலக நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், நெரிசல்.

மழை பிடித்தால் தேசிய நூதனசாலை. கண்டி அரசரின் சிம்மாசனத்தை மூத்த பிள்ளைக்குக் காட்டலாம்.

கடல் கட்டாயம் வேண்டுமென்றால் பாசிக்குடா. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதி, கன தூரத்துக்கு ஆழமில்லை. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பிப் பிள்ளைகளை வாட்டாதீர்கள். 2 இரவாவது தங்குங்கள்.