வறண்டு எரிந்து சிவக்கும் முகத்துக்கு வன்னியில் எதை வாங்குவது?

கேள்வி கேட்டவர் நியமனம் கிடைத்து முல்லைத்தீவுப் பக்கம் வந்திருக்கும் ஓர் ஆசிரியை. முகம் வறண்டு இழுக்கிறதாம், எதைப் பூசினாலும் எரிந்து கன்னம் சிவக்கிறதாம், கொழும்பில் ஒத்துக்கொண்ட சாமான்கூட இங்கே ஒத்துக்கொள்ளவில்லையாம். எந்த பேஸ் வோஷ், எந்தக் கிறீம் வாங்கலாம் என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் கிளிநொச்சியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். டொக்டர் இல்லை. ஆனால் எனக்கும் உங்களுடைய அதே தோல். அதனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வதோடு, அந்தப் பக்கம் நிற்பவளாகவும் சொல்கிறேன்.

கொழும்பில் சரியாக இருந்த சாமான் இங்கே வந்ததும் ஏன் எரிகிறது? முதலில் உங்கள் குவார்ட்டர்ஸ் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. இங்கே பல இடங்களில் அப்படித்தான். சவர்க்காரம் போட்டால் நுரை வராது, தலைமயிர் கயிறு மாதிரி நிற்கும். அந்தத் தண்ணியில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பசையாக மாறித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு அலம்பினாலும் முழுதாகப் போகாது. அதுவே எரிச்சலைக் கிளப்பும். போதாததற்கு, நம் தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் என்ற அமில-கார அளவுகோலில் 5 அளவில் நிற்கும். கட்டிச் சவர்க்காரமோ 9, 10, அதாவது காரம். குழந்தைச் சவர்க்காரம் என்று படம் போட்டு விற்பதும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். மணம் மென்மையாக இருக்கிறது என்பதற்காக ஏமாறவேண்டாம்.

அடுத்தது காற்று. கொழும்பில் ஈரப்பதம் கூட, தோல் அதிலேயே சமாளித்துக்கொள்ளும். இங்கே வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் அடிக்கும்போது மத்தியானத்தில் கொடியில் போட்ட துணி எந்த வேகத்தில் காய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். முகத்தையும் அது சும்மா விடாது. தோலின் மேற்படை கிடுகு வேய்ந்த கூரை மாதிரி; செராமைட், கொலஸ்டரோல், கொழுப்பமிலம் மூன்றும்தான் அதன் கட்டுகள். சவர்க்காரம் அந்தக் கட்டுகளைத் தளர்த்திவிட்டால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியேயுள்ள தூசும் மணமும் உள்ளே போகும். உங்களுக்கு எதைப் பூசினாலும் எரிவது அநேகமாக அதனால்தான்.

ஆகவே காசைக் கிறீமில் கொட்டுவதற்கு முன் கழுவுவதை மாற்றுங்கள். காலையில் வெறும் தண்ணி போதும். பாடசாலையால் வந்த பிறகு ஒரே ஒரு தடவை, சவர்க்காரம் சேராத, மணம் சேராத திரவக் கிளென்சர். செட்டாஃபில், செராவே, கியூவி மூன்றும் எங்கள் பக்கப் பாமசிகளில் கேட்டு எடுப்பிக்கலாம். விலை கூடத்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாளுக்கு ஒரு தடவை சின்ன அளவு என்றால் ஒரு போத்தல் நெடுக வரும். கடைசிச் செம்புத் தண்ணியை மட்டும் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணியாகவோ, குடிக்க வாங்கும் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். மழைநீர்த் தாங்கி உள்ள வீடென்றால் கொடுத்துவைத்தவர். துவாயால் உரசாமல் ஒற்றி எடுங்கள்.

கிறீமைப் பற்றிச் சொன்னால், பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். கிளிசரின், செராமைட், பெற்றோலேற்றம், டைமெதிக்கோன், பந்தெனோல், ஓட்ஸ் என்று இருந்தால் நல்லது. பாஃபியூம், மென்தோல், யூக்கலிப்டஸ் எண்ணெய், அல்ககோல் டினாற், எலுமிச்சைச் சாறு என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பொருட்களின் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நிம்மதி. முகம் ஈரமாக இருக்கும்போதே பூசவேண்டும், முழுதாகக் காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். பகலில் மெல்லிய லோஷன். இந்த வெக்கைக்குள் தடித்த கிறீமைப் பூசிக்கொண்டு வகுப்பில் நின்றால் வியர்த்துப் புழுங்கி அதனாலேயே முகம் சிவக்கும். தடித்ததை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே கன்னத்தில் மட்டும் மெல்லியதாக வசிலின் தடவினால் ஈரம் வெளியேறாது. மலிவான வசிலினை விலையைப் பார்த்து இளக்காரமாக நினைக்கவேண்டாம், அந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்யும் சாமான் குறைவு.

இரண்டு விஷயங்களைக் கவுண்டரில் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று ஏக்குவஸ் கிறீம். மலிவு என்று கேட்டு வாங்கி முகத்தில் பூசி வைத்துக்கொள்வார்கள். அதில் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைக்கும் சாமான் சேர்க்கப்படுவதுண்டு. பூசி விட்டுவைத்தால் சிலருக்கு எரிச்சல் தரலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் எச்சரித்தது, அதுவும் முக்கியமாக எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைகளைப் பற்றி. கழுவுவதற்குப் பாவித்து அலம்பிவிடலாம். மற்றது யூரியாக் கிறீம். குதிக்கால் வெடிப்புக்கு அருமையான மருந்து, சிவந்த கன்னத்தில் வைத்தால் கண்ணில் தண்ணி வரும். இப்போது பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கும் நியாசினமைட் சீரமும் அப்படித்தான்: 4, 5 சதவீதம் சிவப்புக்கு உதவும், 10 சதவீதத்தில் சிலருக்கு முகம் குப்பென்று ஏறும். ரெட்டினோல், அமிலச் சீரம், ஸ்கிரப் எல்லாம் தோல் ஆறும்வரை கிட்டவும் வேண்டாம்.

வெயில்தான் இங்கே பெரிய எதிரி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும், ஆவணி நடுப்பகுதியில் திரும்பவும் ஒருக்கால். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன் வேண்டும். எரியும் தோலுக்கு சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டயொக்சைட் உள்ளவை ஒத்துப்போகும். நம் நிறத்துக்கு அவை சாம்பல் பூசின மாதிரித் தெரியும் என்பது உண்மை, நிறம் கலந்ததாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை குறையும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. பொட்டுப் பொட்டாக வைத்தால் பூசாததற்குச் சமம். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் கிறீம் தண்ணியும் எண்ணெயுமாகப் பிரிந்துவிடும். தகரக் கூரை வீடென்றால் தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதோடு குடை. கிரவல் றோட்டில் நடக்கும்போது குடைபோல ஒரு சன்ஸ்கிறீன் இன்னும் வரவில்லை.

இனி வீட்டு வைத்தியம். பக்கத்து வீட்டு அன்ரி நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பா. தேங்காய் எண்ணெய் உடம்பின் வறட்சிக்கு நல்லதுதான், ஆனால் மூக்கோரமும் புருவமும் செதில் செதிலாக உரிந்தால் பூசவேண்டாம், அங்கே இருக்கும் ஒரு வகைப் பூஞ்சைக்கு அது தீனி. கற்றாழையை வெட்டினால் மஞ்சள் பால் வடியும், அதை வடியவிட்டுக் கழுவாமல் பூசினால் கடிக்கும். தேசிக்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்பளித்து, பிறகு கறுப்புத் தழும்பாக நெடுநாள் நிற்கும். கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி என்று எல்லாவற்றையும் சாப்பாட்டிலிருந்து தள்ளிவிடவும் தேவையில்லை. சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு வந்தால் அது வேறு கதை. கன்னம் சிவக்கிறவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிப்பதும் உறைப்பும்தான் கூடுதலாகக் கிளப்பிவிடுவது. தேத்தண்ணியை விடவேண்டாம், ஆறவிட்டுக் குடியுங்கள்.

வெள்ளையாக்கும் கிறீம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். இறக்குமதியாளர் பெயர் இல்லாமல், ஏதோ ஒரு நாட்டு எழுத்தோடு சின்ன டப்பாவில் வரும் கிறீம்களில் பாதரசமோ வலுவான ஸ்டீரோய்டோ இருக்கலாம். 2013இல் கைச்சாத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த இந்த வகைக் கிறீம்களைத் தடைசெய்கிறது, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இருந்தாலும் சாமான் வருகிறது. ஸ்டீரோய்ட் கலந்ததைப் பூசினால் முதலில் முகம் பளிச்சென்று வரும், சிவப்பும் அடங்கும். பிறகு தோல் மெலிந்து இரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். எங்கள் கவுண்டருக்கு வரும் எரிந்த முகங்களில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். சிரங்குக்கு, கடிக்கு என்று தந்த பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரோய்ட் ரியூப்களை முகத்துக்கு மாற்றிப் பாவிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு கிழமை பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுச் சாமான் வேண்டாம், எரிந்தால் எது எரித்தது என்று தெரியாது.

இன்னொன்று, நீங்கள் வெளியூர் என்பதால் தெரிந்திருக்காது. வளவுக்குள்ளும் வேலியோரமும் சின்ன வெள்ளைப் பூவோடு கரட் இலை மாதிரி ஒரு செடி நிற்கிறதா என்று பாருங்கள். அது பார்த்தீனியம். இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அதன் காய்ந்த துகள் காற்றில் வந்து பட்டாலே சிலருக்குக் கண்ணிமை, கழுத்து, காதோரம் எல்லாம் தடித்துச் சிவக்கும். கன்னத்தோடு கண்ணிமையும் வீங்குகிறது, லீவில் வீட்டுக்குப் போனால் அடங்குகிறது என்றால் எந்தக் கிறீமும் உதவாது. கையுறை போட்ட ஒருவரைக் கொண்டு செடியைப் பிடுங்கிப் போடவேண்டும், நீங்கள் பிடுங்கவேண்டாம்.

கடைசியாக, நம் நிறத்தில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. கபிலமாகவோ ஊதாவாகவோ இருக்கலாம், சிலவேளை நிறம் மாறாமல் சூடும் எரிவும் மட்டும் இருக்கும். அதனால் முகம் அடிக்கடி சிவந்து எரியும் ரொசேசியா என்ற தோல் நோய் போன்றவை கண்டுபிடிக்கப்படாமலே இழுபடுகின்றன. கன்னமும் மூக்கும் குப்பென்று ஏறி ஏறி இறங்கினால், பரு மாதிரிப் பொங்கினால், கண் உறுத்தினால் தோல் டொக்டரிடம் போங்கள். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. கன்னச் சிவப்போடு மூட்டு நோவும் காய்ச்சலும் சேர்ந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூப்பஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் சுகம். போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் இல்லாத டப்பா ஏதும் இருந்தால் அதையும்.