கையேட்டில் இலக்கணம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இயந்திரப் பராமரிப்புக் கையேடுகள் எழுதும் பொறியாளன். தொழில்நுட்ப எழுத்தில் இலக்கணத்துக்கு நீங்கள் தரும் இடம் மிகையாகத் தோன்றுகிறது. தகவல் சரியாக இருந்தால் படிப்பவர் புரிந்துகொள்வார். ஒற்றுப்பிழையால் எந்த இயந்திரமும் நின்றுவிடுவதில்லையே?

கே.

அன்புள்ள கே.,

ஒற்றுப்பிழையால் இயந்திரம் நிற்காது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எந்த அடை எந்தப் பெயரைச் சார்கிறது, செயலைச் செய்பவர் யார், அது கட்டாயமா என்பவற்றையும் இலக்கணமே தீர்மானிக்கிறது. கையேட்டில் இவைதாம் தகவல்.

‘பழுதடைந்த பம்பின் வால்வை மாற்றவும்’ என்ற வாக்கியத்தில் பழுது பம்பிலா, வால்விலா? எழுதியவருக்கு இந்த ஐயமே எழாது, ஏனெனில் விடை அவருக்கு முன்பே தெரியும். ‘பம்பில் பழுதடைந்துள்ள வால்வை மாற்றவும்’ என்று அடையை இடம் மாற்றினாலே போதும்.

இதைவிடச் சிக்கலானது ‘அழுத்தம் வரம்பைத் தாண்டினால் வால்வைத் திறக்கலாம்’ என்பது. இது அனுமதியா, யோசனையா, அல்லது நம் வழக்கப்படி பணிவாகச் சொல்லப்பட்ட கட்டளையா? பேச்சில் குரல் தெளிவாக்கிவிடும். தாளில் குரல் இல்லை. இணைய நெறிமுறைகளை எழுதுவோர் இதே சிக்கலைத் தீர்க்கத்தான் 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்னும் சிறு ஆவணத்தை வெளியிட்டு, கட்டாயத்துக்கும் பரிந்துரைக்கும் விருப்பத்துக்கும் உரிய சொற்களைத் தனித்தனியே வரையறுத்துக்கொண்டார்கள்.

ஒன்றில் உங்களோடு உடன்படுகிறேன்: பிழையில்லாத வாக்கியங்களெல்லாம் தெளிவானவை அல்ல. ‘மூடியைத் திறக்கவும். திறப்பதற்கு முன் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றவும்’ என்பதில் எந்த இலக்கண ஆசிரியரும் குறை காண முடியாது. ஆனால் வரிக்கு வரி படித்துச் செய்பவர் இரண்டாம் வாக்கியத்துக்கு வருவதற்குள் மூடியைத் திறந்திருப்பார். நூலுக்குரிய பத்து அழகுகளில் ‘முறையின் வைப்பு’, அதாவது செய்திகளை உரிய வரிசையில் அமைத்தல், என்பதையும் நன்னூல் சேர்த்திருப்பதைக் கையேடு எழுதுவோர் கவனிக்க வேண்டும் (அந்நூலைத் தேர்வோடு மறந்துவிடுகிறோம் என்பது வேறு கதை).

உங்கள் கையேட்டை அந்த இயந்திரத்தில் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து, எழுதியபடியே செய்யச் சொல்லி, அவர் தயங்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பல ‘வாயு வெளியேற்றப்பட வேண்டும்’ என்பதுபோல, வேலை இயக்குபவருடையதா, இயந்திரம் தானே செய்வதா என்று சொல்லாமல் விட்ட வரிகளாக இருக்கும்.