டூரிங் பைக்கும் வீட்டுப் பட்டறையும்: கேளுங்கள், சொல்கிறேன்

வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் தரும் எண்கள் பொதுவான அளவுகள். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள், என்னிடம் வந்து வாதாட வேண்டாம்.

கே: நீண்ட பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்கிறேன். கூடுதல் விளக்கு, சைலன்ஸர், உயரமான முன்கண்ணாடி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் டயர் எப்போது செய்தது தெரியுமா? பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர் ஈரச் சாலையில் கைவிட்டுவிடும். டயருக்கு அடுத்து பிரேக் பேட், செயின், ஹெட் பேரிங் (ஹேண்டில்பாரோடு ஃபோர்க் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்). இவை சரியாக இருந்தால் சீட்டுக்கும் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கும் செலவு செய்யுங்கள். இடுப்பு வலியோடு ஓட்டுகிறவருக்குச் சாலையில் கவனம் நிற்காது. விளக்கு, கண்ணாடியெல்லாம் அப்புறம். சைலன்ஸர் என் பட்டியலிலேயே கிடையாது. காரணம் கீழே வருகிறது.

கே: ஹெட் பேரிங்கை எப்படிச் சோதிப்பது?

முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு கால்கள்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஆட்டம் கைக்குத் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது, இறுக்கலாம். அடுத்து ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் மட்டும் லேசாகத் தங்கி நின்றால், பேரிங் ஓடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கே: அண்ணா, என்னுடையது எக்ஸ்-ரிங் செயின். உள்ளேயே கிரீஸ் இருக்கிறது, மேலே எண்ணெய் விடத் தேவையில்லை என்கிறார்கள். நிஜமா? கழுவுவது பெட்ரோலிலா, மண்ணெண்ணெயிலா?

பாதி நிஜம், தம்பி. கண்ணிகளைக் கோக்கும் ஊசிக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற சின்னக் குழாய்க்கும் நடுவே கிரீஸ் இருக்கிறது, அதை வெளியேறவிடாமல் எக்ஸ்-ரிங் என்கிற ரப்பர் வளையம் அடைத்திருக்கிறது. ஆனால் செயினின் உருளை ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) பல்லில் உட்காரும் இடத்திலும், அந்த வளையம் தகட்டோடு உரசும் இடத்திலும் மசகு எதுவும் இல்லை. அங்கே காய்ந்துபோனால் வளையம் வெடிக்கும், கிரீஸ் வெளியேறும், அந்த வழியாக மணல் உள்ளே போகும். செயினில் ஒரு கண்ணி மட்டும் மடங்க மாட்டேன் என்று விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்கு இதுதான் காரணம்.

பெட்ரோல் வேண்டாம், வளையத்தைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள், ஊறப்போடாதீர்கள். பிறகு செயின் ஸ்பிரேயோ 80டபிள்யூ-90 கியர் ஆயிலோ, எது கைவசம் இருக்கிறதோ அது. ஓட்டி முடித்து வந்ததும், செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, கீழ் வரிசையின் உள்பக்கமாக விடுங்கள். சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் பரவும். ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மிஞ்சியதைத் துடையுங்கள். துடைக்காவிட்டால் தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே.

இன்னொன்று. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பழகாதீர்கள். துணி மாட்டினால் விரலும் கூடவே போகும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், கையால் சுற்றுங்கள்.

கே: அதே செயின்தான். தொய்வு ஒரு இடத்தில் சரியாக இருக்கிறது, சக்கரத்தைச் சுற்றினால் இன்னொரு இடத்தில் அதிகம். எங்கே அளப்பது?

இறுக்கமான இடத்தில். சாதாரண சாலை வண்டிக்குக் கீழ் வரிசையின் நடுவில் மேலும் கீழுமாக 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். உயரமான அட்வெஞ்சர் வண்டிகளுக்கு இதைவிடக் கூடுதல். ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் அளக்க வேண்டுமா, மெயின் ஸ்டாண்டிலா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும்.

டூரிங் போகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். செயின் மிக இறுக்கமாவது அந்த நொடியில்தான். காலி வண்டியில் 'கச்சிதமாக' இறுக்கிவிட்டு, பின்னால் ஆளையும் பெட்டிகளையும் ஏற்றிக் குழியில் விட்டால், செயின் இழுக்கும் இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத் தண்டு பேரிங்கில் இறங்கும். அதை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள்.

நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுகிறதா? மடித்த துணியைச் செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே சொருகி, கையால் சக்கரத்தைத் திருப்புங்கள். அச்சு முன்னோக்கி இழுபட்டு அட்ஜஸ்டரில் அழுந்தி நிற்கும். அந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். துணியை எடுக்க மறக்காதீர்கள்.

உங்கள் செயின் விஷயத்துக்கு வந்தால், தொய்வு இடத்துக்கு இடம் நிறைய மாறுகிறது என்றாலே அது சீரில்லாமல் தேய்ந்துவிட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் மாற்றிவிடலாம். செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கே: காருக்கு வாங்கிய 10டபிள்யூ-40 ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக்குக்கும் அதே கிரேடுதான். ஊற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைக்கச் சேர்த்த பொருட்கள் கார் ஆயிலில் இருந்தால் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும். ஏற்றத்தில் ஆர்.பி.எம். ஏறும், வண்டி ஏறாது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (ஆயிலில் நனையும் கிளட்சுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கே: ஆயில் மாற்றியபிறகு டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வெளியே விடும் அடி போல்ட்) ஓரத்தில் சொட்டுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். போல்ட் இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். இன்னும் இறுக்கினால் மரை போய்விடும், பிறகு சொட்டு ஊற்றாகிவிடும். வாஷரை மாற்றினீர்களா? நசுங்கி அடைப்பதற்கென்றே செய்த வாஷர் அது, ஒருமுறைக்குத்தான். புதிய வாஷர், அது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைப்பது, இறுக்கம் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் ஏதோ ஒரு அளவு. சரியான எண் கையேட்டில் இருக்கும். வீட்டில் வேலை செய்கிறவர் முதலில் வாங்க வேண்டிய கருவி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். மரைக்கு ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள், கையேடு சொன்னால் தவிர. வழுக்கும் மரையில் அதே எண்ணுக்கு போல்ட் அதிகமாக இறுகிவிடும்.

கே: 40 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கியிருக்கிறேன். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதிலேயே முறுக்கி டேப் சுற்றிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.

நண்பரை வண்டிப் பக்கம் விடாதீர்கள். கணக்கைப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்து 80 வாட். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் 13.5 வோல்ட் அளவில் இருக்கும், ஆக கிட்டத்தட்ட 6 ஆம்பியர். ஹெட்லைட் ஒயரும் சுவிட்சும் அவற்றின் சொந்த லோடுக்கு அளந்து வைத்தவை. மேலே 6 ஆம்பியர் ஏற்றினால் சுவிட்சின் உள்ளே கருகும்.

நான்கு கால் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒன்று வாங்குங்கள். கால்களில் எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர். 87-லிருந்து விளக்குகளுக்கு. 85-ஐ எர்த்தில் சேருங்கள். 86-க்கு டெயில் லைட்டிலிருந்து சன்ன ஒயர் ஒன்று, நடுவே உங்கள் சுவிட்ச். சாவியை அணைத்தால் விளக்கும் அணையும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆனால் அது பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை.

ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், எங்கேயும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. டேங்கின் அடி விளிம்பு ஒயரின் தோலை உரிக்கும் இடம். டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகி, நாளடைவில் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்த (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கவைத்த) நீர்புகா கனெக்டர்தான் சரி. கேன் பஸ் ஒயரிங் (வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) உள்ள வண்டியில் டெயில் லைட் ஒயரைத் தொட்டால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் துணைக் கனெக்டரைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, வண்டி அவ்வளவு மின்சாரம் தயாரிக்கிறதா? எல்லா விளக்கையும் போட்டு, ஓட்டும்போது இருக்கும் ஆர்.பி.எம்.மில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5-க்கு மேல் நின்றால் நிம்மதி. 13-க்குக் கீழே இறங்கினால் விளக்குகள் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒளி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்துங்கள், கூடுதல் விளக்குக்கு உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நான் ஏற்கெனவே விளக்கும் யு.எஸ்.பி. சார்ஜரும் போட்டுவிட்டேன். சில நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது.

சார்ஜர் நேரடியாக பேட்டரியிலா? அதன்மேல்தான் என் முதல் சந்தேகம், எதுவும் செருகாதபோதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். உறுதிசெய்ய, சாவியை அணைத்து நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவே ஆம்பியர் அளவில் மல்டிமீட்டர் வையுங்கள். கடிகாரத்துக்குச் சில மில்லி ஆம்பியர் போவது சகஜம். அதைவிட நிறையக் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

கே: சைலன்ஸர் மாற்றினால் பிக்கப் கூடுமா?

சத்தம் கூடும். பெட்டி கட்டி நாள் முழுக்க ஓட்டும் வண்டிக்கு அந்தச் சத்தம் வெறும் களைப்பு. அதோடு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம் வேறு.

கே: ஹேண்டில்பாரை 30 மி.மீ. உயர்த்த ரைசர் வாங்கியிருக்கிறேன். கவனிக்க வேண்டியது?

கேபிளும் பிரேக் ஹோஸும் நீளம் போதுமா என்பதுதான். மாட்டியபின் இன்ஜினை ஐடிலில் விட்டு இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஆர்.பி.எம். தானாக ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸ் விறைப்பாக நின்றால் நீளமானது வாங்கும்வரை ரைசரைக் கழற்றி வையுங்கள். இதில் சமரசமே கிடையாது.

கே: சார், மூன்று பெட்டியும் கட்டி வேகமெடுத்தால் வண்டி பின்னாலிருந்து அலைபாய்கிறது. காலியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை.

மேல் பெட்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? கருவி, பூட்டு, தண்ணீர் என்று கனமானதெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கும் எடை முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். கனமானவற்றைப் பக்கப் பெட்டிகளின் அடியில், முடிந்தவரை முன்பக்கமாக வையுங்கள். மேல் பெட்டிக்கு மழைக்கோட்டும் துணியும் போதும். அதன் எடை வரம்பு ஸ்டிக்கரில் இருக்கும், பார்த்தால் அசந்துபோவீர்கள், அவ்வளவு குறைவு.

பிறகு டயர் காற்று. முழு லோடுக்குக் கையேட்டில் தனி எண் உண்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அதன்பின் ஷாக் ப்ரீலோடு, அதாவது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. நீங்களும் சாமானும் ஏறினால் பின்பக்கம் இறங்கும் அளவு, மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். அதைவிட அதிகம் இறங்கினால் ப்ரீலோடைக் கூட்டுங்கள். ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டுகிற தொல்லையும் இதில் தீரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள், அதுவரை வேகத்தைக் குறையுங்கள்.

கே: டாட் 4 பிரேக் ஆயிலுக்குப் பதில் டாட் 5? எண் பெரியதாயிற்றே.

டாட் 5 சிலிக்கோன், மற்றதோடு கலக்காது, ஏ.பி.எஸ். வண்டிக்கும் ஒத்துவராது. 5.1 என்பது வேறு, அது டாட் 4-இன் குடும்பம்தான். பெயரைவிட வயதைப் பாருங்கள். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்.

கே: டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமே இல்லை. வால்வு இடைவெளி பார்ப்பதைத் தள்ளிப்போடலாமா?

சத்தம் வந்தால்கூடத் தள்ளிப்போடுங்கள் என்பேன், வராததற்குத்தான் பயப்படுவேன், இடைவெளியே இல்லாமல் போயிருக்கலாம். எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடும் வால்வு) தன் சூட்டை, மூடும்போது உட்காரும் வளையத்தில் உட்கார்ந்துதான் இறக்கிவைக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் முழுதாக உட்கார முடியாது, விளிம்பு எரிந்துபோகும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளங்கள். ஸ்குரூ வகை என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லை) வகையில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டைக் கழற்ற வேண்டி வரும், அனுபவம் இல்லாவிட்டால் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: பயணத்துக்கு என்னென்ன கருவி எடுத்துக்கொள்வது? ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

அடுத்த சர்வீஸை வீட்டில் செய்யும்போது, எடுத்துப்போக நினைக்கும் கருவிகளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, பேட்டரி முனையைக் கழற்றுவது, கிளட்ச் கேபிள் மாற்றுவது, எல்லாம். தொடாத ஸ்பேனர் வீட்டில் இருக்கட்டும். எழுந்துபோய் எடுத்துவந்த ஒவ்வொன்றும் பையில் ஏறட்டும், பெரும்பாலும் அதில் முதலாவது பின் அச்சு நட்டின் அளவுக்கான ஸ்பேனராக இருக்கும். கூட ஒரு பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப், சில ஃபியூஸ். டியூப் டயர் என்றால் மாற்று டியூபும் லீவர் இரண்டும்.